பார்வதிபுரம் பக்கம் ஒரு குத்துச்சண்டை கொட்டகை

பையனைச் சேர்த்து நாலு மாசம் ஆகிறது. நடத்துகிற அண்ணன் நம்ம ஊர்க்காரர், ஒரு காலத்தில் மாநிலப் போட்டிகளில் இறங்கியவர், புருவத்தில் தையல் தழும்பு இன்னும் இருக்கிறது, ஆனால் அந்தக் கதையை அவராகச் சொல்ல மாட்டார், பயிற்சி முடிந்து சாயா குடிக்கும்போது கிண்டினால்தான் வரும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் விஜேந்தர் சிங் வெண்கலம் வாங்கியபோது இவர் ஆடுவதை விட்டுவிட்டு வளைகுடாவில் வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம். அறையில் தனியாக டிவி பார்த்து அழுதேன் என்றார்.

முதல் இரண்டு வாரம் கையுறையே கிடையாது. நாலரை மீட்டர் துணிப்பட்டையைக் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி, விரல் இடுக்கு வழியாகக் கொண்டுபோய்க் கட்டப் பழக்குகிறார். சுருக்கம் விழுந்தால் அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து. "கைய இறக்காத மக்களே" என்ற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். அப்புறம் மூணு நிமிஷ ரவுண்டு மூணு, நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு. என் பையன் ரெண்டாவதிலேயே உட்கார்ந்துவிட்டான்.

குறையா? ஆனி, ஆடிச் சாரலில் தகரக் கூரை ஒழுகுகிறது. பொதுக் கையுறைகள் நாறும், சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். மாசம் 700 ரூபாய்தான், பாக்கி வைத்த பிள்ளைகளையும் அவர் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.