மாத்திரையா, கதிரியக்க அயோடினா: கடலுக்குப் போகிறவருக்கான கிரேவ்ஸ் நோய்ச் சிகிச்சை

தைராய்டு சுரப்பி ஹார்மோனை மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் என்று உறுதியானவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. தைராய்டு ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் கார்பிமசோல் மாத்திரையை நீண்ட நாள் உட்கொள்ளலாம். கதிரியக்க அயோடினை ஒருமுறை விழுங்கிச் சுரப்பியைச் சுருங்கச் செய்யலாம். அறுவையின் மூலம் சுரப்பியையே அகற்றிவிடலாம். தங்கச்சிமடத்திலிருந்து விசைப்படகில் தொழிலுக்குச் செல்லும் என் தம்பிக்காக இம்மூன்றையும் அலசிப் பார்க்க நேர்ந்தது. மாத்திரையில் தொடங்கிய நாங்கள் பின்னர் கதிரியக்க அயோடினுக்கு மாறினோம். எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பது வாசிப்பவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது.

சிகிச்சையைத் தேர்வதற்கு முன்பு, இது கிரேவ்ஸ் நோய்தானா என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும். இரத்தப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். மிகக் குறைந்தும், தைராய்டே சுரக்கும் ஹார்மோனான டி4 கூடியும் இருந்தால் ஹார்மோன் மிகையாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். சுரப்பி அழற்சியினால் ஏற்கெனவே சேமிப்பில் இருந்த ஹார்மோன் கசியும்போதும் அறிக்கை இதே போலத்தான் வரும்; அது சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும் என்பதால், அதற்குக் கார்பிமசோலும் வேண்டியதில்லை, கதிரியக்கமும் வேண்டியதில்லை. நோயாளிகளின் இரத்தத்தில் தைராய்டை நெடுநேரம் தூண்டிக்கொண்டே இருக்கும் ஒரு பொருள் உண்டு என்பதை 1956இல் நியூசிலாந்தில் ஆடம்ஸ், பர்வ்ஸ் ஆகிய இருவரும் கண்டறிந்தனர், சுரப்பியில் டி.எஸ்.எச். வந்து பொருந்தும் இடமான ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளே அது என்பது பிறகு விளங்கியது. இன்று அந்த எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் அளந்தோ, தைராய்டு ஸ்கேன் எடுத்தோ கிரேவ்ஸ் நோயை உறுதி செய்கிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை உட்கொள்பவர்களுக்குச் சில வகைப் பரிசோதனைக் கருவிகளில் டி.எஸ்.எச். குறைந்தும், டி4 கூடியும், எதிர்ப்பொருள் இருப்பது போலவும் பொய்யான முடிவு வரக்கூடும். நோயே இல்லாதவருக்குக் கிரேவ்ஸ் நோய் என்று தோன்றச் செய்யும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பாவது பயோட்டினை நிறுத்திவிட வேண்டும்.

அறுவையைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன், ஏனெனில் அதை எங்கள் வீட்டில் யாரும் செய்துகொண்டதில்லை. மூச்சுக்குழாயை அழுத்தும் பெரிய கழுத்துக் கழலை, புற்றுநோய் ஐயத்துக்குரிய கட்டி, கிரேவ்ஸ் நோயோடு சேர்ந்து வரும் கடுமையான கண் நோய், விரைவில் கருத்தரிக்கும் விருப்பம் ஆகியவை இருந்தால் அறுவைக்கு முன்னுரிமை உண்டு. தைராய்டு அறுவையைப் பாதுகாப்பானதாக்கிய பெர்ன் நகரத்துத் தியோடர் கோகர் 1909இல் நோபல் பரிசு பெற்றார். ஆனாலும் குரல்வளை நரம்புக்கும், இரத்தத்தில் கால்சிய அளவைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளுக்கும் ஊறு நேரும் அபாயம் இன்றும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. அது பெரும்பாலும் அறுவை மருத்துவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது.

உண்மையான போட்டி மாத்திரைக்கும் கதிரியக்க அயோடினுக்கும் இடையேதான். மாத்திரையின் பக்கமுள்ள நியாயம் சிறியதன்று. 1943இல் அமெரிக்காவின் ஆஸ்ட்வுட் இவ்வகை மருந்துகளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்த காலம் முதல் இவை நிலைத்திருப்பதற்குக் காரணம், சுரப்பி அழிவதில்லை என்பதும், நோய் தணிந்துவிட்டால் மருந்தே இல்லாமல் வாழ முடியும் என்பதும்தான். ஆனால் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை உட்கொண்டு நிறுத்துபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. டெஹ்ரானில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு மாற்று காட்டியது: ஐந்து முதல் பத்து ஆண்டு வரை குறைந்த அளவில் மெத்திமசோல் உட்கொண்டவர்களிடம் மருந்தை நிறுத்திய நான்கு ஆண்டுகளில் 15 விழுக்காட்டினருக்கே நோய் திரும்பியது, வழக்கமான கால அளவோடு நிறுத்தியவர்களிடம் அது 53 விழுக்காடாக இருந்தது. கார்பிமசோல் உடலுக்குள் மெத்திமசோலாகவே மாறுகிறது என்பதால் இந்த முடிவு நமக்கும் பொருந்தும். கரையில் வேலை பார்ப்பவருக்கு, அதிலும் ஆய்வகம் நடந்து போகும் தூரத்தில் உள்ளவருக்கு, இதைவிட நல்ல வழி இல்லை என்று ஒருவர் வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன்.

தம்பியின் நிலைமை அப்படிப்பட்டதன்று. கார்பிமசோல் உட்கொள்வோரில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இரத்தத்தின் வெள்ளையணுக்கள் திடீரென்று சரிந்துவிடுகின்றன. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் நேரும் இந்தச் சரிவு காய்ச்சலும் தொண்டை வலியுமாகத் தொடங்குகிறது. உடனே மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். பாக் நீரிணையில் வலை விட்டுக் காத்திருக்கும் இரவில் காய்ச்சல் கண்டால் படகைத் திருப்பச் சொல்ல எந்தத் தொழிலாளிக்கும் வாய் வராது. அபாயம் அரிதானது என்பது உண்மையே; ஆனால் அது நேரும்போது கரை அருகில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனையாக இருக்கிறது.

இதைக் காட்டிலும் என் முடிவைத் தீர்மானித்தது, ஒவ்வொரு சிகிச்சையும் அதன் பிறகு வரும் ஆண்டுகளில் நம்மிடம் எதைக் கேட்கிறது என்ற கேள்விதான். கார்பிமசோல் அளவைத் தொடக்கத்தில் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். அதன் விளைவு நீடிப்பது ஏறக்குறைய ஒரு நாள்தான் என்பதால், நோய் அடங்காத நிலையில் சில நாள் தவறினாலே படபடப்பும் கைநடுக்கமும் தலைதூக்கும். கதிரியக்க அயோடினுக்குப் பிறகு பெரும்பாலோருக்குச் சுரப்பி ஓய்ந்துவிடுவதால் அதன் ஹார்மோனுக்கு ஈடான தைராக்சின் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும் என்பது மெய்யே. ஆனால் தைராக்சின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகிறது. ஓரிரு நாள் தவறினால் உடல் அதை உணர்வதே இல்லை. அளவு ஒருமுறை நிலைப்பட்ட பின் ஆண்டுக்கு ஒரு டி.எஸ்.எச். பரிசோதனை போதுமானது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் வாரக்கணக்கில் இருந்து வந்தவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அத்தகைய இடைவெளியைக் கார்பிமசோலோடு கடப்பதற்கும் தைராக்சினோடு கடப்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. மாதக்கணக்கில் நீண்டால் தைராக்சின் இல்லாமையும் ஆபத்தாகவே முடியும். எனினும் செய்தி அனுப்பி மருந்தைக் கொண்டுசேர்க்க அது அவகாசம் தருகிறது.

தைராக்சினுக்கும் சில கண்டிப்புகள் உண்டு. வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும். தேநீர், காப்பியைச் சற்றுத் தள்ளியும், இரும்பு, கால்சிய மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளியும் எடுக்க வேண்டும். விடியுமுன் தேநீரோடு நாளைத் தொடங்கும் படகுக்காரருக்கு இது ஒத்துவராது என்றால், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து உறங்கப் போகும்போது உட்கொள்ளலாம். நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, இரவு வேளையில் மருந்து நன்றாகவே சேர்கிறது என்று காட்டியது. வெப்பமும் ஈரமும் இம்மாத்திரையைக் கெடுக்கும் என்பதால், புட்டியைப் படகின் இயந்திர அறையில் வைப்பதைப் போன்ற வீண் செலவு வேறில்லை.

கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் உறவினர்கள் அஞ்சினார்கள். 1941இல் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் தொடங்கிவைத்த சிகிச்சை இது. இப்போது பயன்படும் அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறைகிறது. கிரேவ்ஸ் நோய்க்குக் கொடுக்கப்படுவது வழக்கமாக 10 முதல் 15 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). தைராய்டுப் புற்றுநோய் பரவியவர்களுக்கு இதே மருந்து 100 மில்லிகியூரிக்கும் மேல் கொடுக்கப்படுகிறது. ஊரில் பேசப்படும் தனியறைக் கதைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினரைப் பற்றியவை. அதற்காக அச்சத்துக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கதிரியக்க அளவு கூடக் கூடப் புற்றுநோய் இறப்பு சிறிதளவு கூடுவதாக அமெரிக்க நோயாளிகளின் நெடுங்கால ஆவணங்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வு கூறியது. அதன் கணக்கீட்டு முறைக்கு வல்லுநர்களிடையே மறுப்பும் எழுந்தது. கண் நோயைப் பொறுத்தவரை சான்று தெளிவாக இருக்கிறது. இத்தாலியில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், கதிரியக்க அயோடின் மட்டும் பெற்றவர்களில் 15 விழுக்காட்டினருக்குக் கண் நோய் தோன்றியது அல்லது முற்றியது. மாத்திரை பெற்றவர்களில் அது 3 விழுக்காடு. ஸ்டீராய்டு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு முற்றவே இல்லை. புகைப்பவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். தம்பிக்குக் கண்ணில் எந்தப் பாதிப்பும் இல்லாததும், அவன் புகைக்காததும் எங்களுக்குத் தயக்கத்தைக் குறைத்தன.

நடைமுறையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் பெரிதும் உதவியது. மருந்தின் பலன் தெரியச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும் என்பதால், இரத்தம் அடிக்கடி பார்க்க வேண்டிய தொடக்கக் காலம் கரையிலேயே கழிந்தது. மதுரையில் அணு மருத்துவப் பிரிவு உள்ள ஒரு மருத்துவமனையில் மருந்து பெற்ற பிறகு பேருந்தில் அந்நியர் அருகே மணிக்கணக்கில் அமர்ந்து வரக்கூடாது என்பதால் வாடகைக் காரின் பின்னிருக்கையில் வந்தான். சிறு குழந்தைகளும் கருவுற்றவர்களும் இல்லாத என் வீட்டில், மருத்துவர் குறித்த நாள் வரை தனிப் படுக்கையில் இருந்தான். மீனை நிறுத்த வேண்டுமா என்று அம்மா கேட்டதற்கு மருத்துவர் வேண்டாம் என்றார். கடற்பாசி கலந்த சத்து மருந்துகளையும், அயோடின் கலந்த சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனையும் தவிர்த்தால் போதும் என்றார். மண்டபம் பகுதியில் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் அதை உண்பதில்லை என்பதால் அவர்களுக்கு இது பொருட்டே அன்று.

இதே கேள்வியோடு எங்கள் தங்கை வந்திருந்தால் என் விடை வேறாக இருந்திருக்கும். கருவுற்றிருப்பவருக்கும் பாலூட்டுபவருக்கும் கதிரியக்க அயோடின் கொடுக்கவே கூடாது. பெற்றுக்கொண்ட பெண் குறைந்தது ஆறு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். கார்பிமசோலும் கருவின் முதல் மூன்று மாதங்களில் குழந்தைக்குக் குறைபாடு உண்டாக்கக்கூடியது என்பதால், அக்காலத்தில் புரோப்பைல்தையோயுராசில் என்ற வேறொரு தைராய்டு மாத்திரைக்கு மாறுகிறார்கள். அதற்கோ அரிதாகக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்யும் குணம் உண்டு, 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. திருமணம் நிச்சயமாகியிருக்கும் பெண்ணுக்கு, நல்ல அறுவை மருத்துவர் கிடைப்பாரானால், நான் மேலே அவசரமாகக் கடந்துவிட்ட மூன்றாவது வழியைத்தான் முதலில் விசாரிக்கச் சொல்வேன்.