மூன்று மாதப் பயிற்சியும் ஒரு ஷிஃப்ட் நோட்டும்: கப்பலூரிலிருந்து ஒரு மதிப்புரை

மதுரைக்கு அருகே கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில், வாகனங்களுக்கான ரப்பர் உதிரிப் பாகங்கள் செய்யும் சிறிய ஆலை ஒன்றில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். மூன்று ஷிஃப்டிலும் சேர்த்து 64 பேர் வேலை செய்கிறார்கள். ஊழியர்களின் ஈடுபாட்டையும் ஷிஃப்டுகளுக்கு இடையே தகவல் போய்ச் சேரும் விதத்தையும் சீர்செய்து தருவதாகச் சொன்ன மதுரைப் பயிற்சி நிறுவனம் ஒன்றை மூன்று மாதங்களுக்கு அமர்த்தினோம். கட்டணம் 90,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனி. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

எங்களை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது ஏப்ரல் மாதத்து இரவு ஷிஃப்ட் ஒன்று. கந்தகமும் மற்ற ரசாயனங்களும் சேர்த்து அரைத்த ரப்பர் கலவை, வெயில் காலத்தில் அச்சுக்குள் போவதற்கு முன்பே இறுகத் தொடங்கிவிடும்; அப்படி இறுகியது அச்சின் மூலைகளுக்குப் பாயாது. அன்றைக்கு ஒரு பேட்ச் அப்படி இறுகி வருவதை விடியற்காலை நான்கு மணிக்கே, அச்சை அழுத்தும் பிரஸ் மெஷினின் ஆபரேட்டர் கவனித்திருக்கிறார். காலை ஷிஃப்டுக்கு அது தெரியவில்லை. எட்டு மணி வரை அதே கலவையில் ஓட்டி 340 புஷ்கள் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையங்கள்) கழிவுக்குப் போயின. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொல்லணும்னுதான் நெனச்சேன் சார், ஆள் வர்றதுக்குள்ள பஸ்ஸு வந்துருச்சு" என்றார். சாக்குச் சொல்கிறார் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

நிறுவனத்தின் முதல் நிகழ்ச்சி, அழகர்கோவில் சாலையில் ஒரு தோப்பு விடுதியில் நடந்த முழுநாள் ஒன்றுகூடல். காகிதக் கோப்பைகளால் கோபுரம் கட்டினார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள், ஒருவரையொருவர் பாராட்டிச் சீட்டு எழுதினார்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆபரேட்டர் ஒருவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம், "ஏண்ணே, இதக் கட்டி முடிச்சா நம்ம பிரஸ்ல பிசிறு நின்னுருமா?" என்று கேட்டார். பிசிறு என்பது அச்சின் இடுக்கில் வழிந்து பாகத்தின் ஓரத்தில் ஒட்டி நிற்கும் வேண்டாத ரப்பர். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. அந்த நாளைப் பற்றி வேறு சொல்வதற்கில்லை.

அடுத்து வந்த கருத்துக்கணிப்பு, செலவைத் தாண்டிய தீங்கையும் செய்தது. ஊழியர் ஈடுபாட்டை அளக்க அமெரிக்காவின் கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் வகுத்த புகழ்பெற்ற பன்னிரண்டு கேள்விகளை ஒட்டியே வினாத்தாளைத் தயாரித்திருந்தார்கள். என்னிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன என்று எனக்குத் தெரியுமா, வேலைக்குத் தேவையான கருவிகள் கையில் இருக்கின்றனவா என்பன போன்ற கேள்விகள் எங்கும் பொருந்தும். ஆனால் வேலையிடத்தில் நெருங்கிய நண்பர் இருக்கிறாரா என்ற கேள்விக்கு, பாதிப் பேர் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான் முறையாக இருக்கும் ஆலையில் என்ன பதில் வரும்? அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இருந்தது. பெயர் எழுத வேண்டாம், யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது என உறுதி சொல்லிவிட்டு, பிரிவு, பாலினம், பணி ஆண்டுகள் மூன்றையும் கேட்டிருந்தார்கள். பிசிறு வெட்டும் பிரிவில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்க்கும் பெண் ஒரே ஒருவர்தான். அவர் சூப்பர்வைசரைப் பற்றி எழுதியது யாருடையது என்பது அறிக்கை வந்த அன்றே அந்தச் சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிட்டது. நான் தலையிட்டுத்தான் அதைத் தணிக்க வேண்டியிருந்தது. சிறிய ஆலைகளில் கணிப்பு நடத்த வருபவர்கள் முதலில் யோசித்திருக்க வேண்டிய விஷயம் இது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த நிறுவனத்தை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், இரண்டாம் மாதம் அனுப்பப்பட்ட பயிற்சியாளர். அவர் வகுப்பு எதுவும் எடுக்கவில்லை. மூன்று நாள் தொடர்ந்து காலை ஐந்தரை மணிக்கே வந்து, கேட்டுக்கு அருகே நின்று, யார் எப்போது வருகிறார்கள், யார் எப்போது போகிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தார். உசிலம்பட்டிப் பக்கம் போகிறவர்களுக்கு 6.05-க்கு ஒரு பஸ். அதை விட்டால் 6.40. உள்ளே வருகிறவர்கள் ஆறு மணிக்கு இறங்கி, பஞ்ச் வைத்து, உடை மாற்றி, மெஷினுக்கு முன்னால் வந்து நிற்கும்போது மணி 6.10. ஒரே மெஷினில் வேலை செய்யும் இரண்டு பேர் மாதக் கணக்கில் நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. ஏப்ரலில் அந்த ஆபரேட்டர் சொன்னது சாக்கு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரிடம் போய் அதைச் சொல்லவும் செய்தேன்.

ஷிஃப்ட் முடியும் நேரத்தை 6.15-க்குத் தள்ளினோம். வருபவரும் போகிறவரும் மெஷின் பக்கத்தில் நின்றபடியே பத்து நிமிடம் பேச வேண்டும்; முதலில் பேச வேண்டியவர் ஆபரேட்டர், சூப்பர்வைசர் அல்ல. அந்தப் பத்து நிமிடத்துக்கும் கூலி உண்டு, 6.40 பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு டீயும் வடையும் ஆலைக் கணக்கில். பேசியதை எழுத ஒவ்வொரு பிரஸ்ஸிலும் ஒரு நீளமான நோட்டு வைத்தோம். என்ன நடந்தது, எது முடியாமல் நிற்கிறது, பதில் சொல்ல வேண்டியவர் யார் என மூன்று பத்திகள். மாதச் சந்தா கட்டும் செயலி ஒன்றையும் நிறுவனம் விற்கப் பார்த்தது; பிரஸ் பக்கம் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அதை மறுத்தோம். ஏற்கெனவே இருந்த வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்க ரோஜாப் படங்களுக்கு நடுவே செய்தியைத் தேடிச் சலித்திருந்தோம் என்பதும் ஒரு காரணம்.

மூன்றாவது பத்திதான் நோட்டுக்கு உயிர் கொடுத்தது. பிசிறு வெட்டும் மேஜைக்கு மேல் வெளிச்சம் போதவில்லை என்று பெண்கள் எழுதியதற்கு, எதிரே "வெள்ளிக்கிழமை" என்று எழுதிக் கையெழுத்திட்ட மெயின்டனன்ஸ்காரர் வெள்ளிக்கிழமையே விளக்கு மாட்டினார். அடுத்த வாரம் அந்த நோட்டில் பக்கம் போதவில்லை. இன்னொரு பெரிய மின்விசிறி கேட்டதற்கு, மின்சுமை அனுமதி போதாது, இந்த ஆண்டு முடியாது என்று காரணத்தோடு எழுதினேன். முணுமுணுப்பு இருந்தது, ஆனால் எழுதுவதை யாரும் நிறுத்தவில்லை.

இரண்டாம் மாத முடிவில் பதிவான கழிவு எண்ணிக்கை கூடியபோது முதலாளி பதறினார். ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய செவிலியர் குழுக்களிலேயே அதிகத் தவறுகள் பதிவாகியிருந்ததையும், அங்கே தவறுகளை மறைக்காமல் பேச முடிந்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர் கண்டதையும் பயிற்சியாளர் எடுத்துச் சொன்னார். முதலாளி முழுதும் நம்பவில்லை. கழிவுத் தொட்டியை எடைபோடச் சொன்னார். எடை கூடவில்லை, முன்பு எழுதாமல் தொட்டிக்குப் போனது இப்போது எழுதப்பட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

தீராத குறை ஒன்று இருக்கிறது. ரப்பர் கலவையை அரைக்கும் மிக்ஸிங் மில்லில் இருக்கும் ஒன்பது பேர் பீகார், ஒடிசா தொழிலாளர்கள். நோட்டு தமிழில், கணிப்புத் தாள் தமிழில், பயிற்சியாளரும் தமிழில். கலவை இறுகும் சிக்கல் தொடங்குவதே அவர்கள் கையில் என்னும்போது, இந்த ஏற்பாடு அவர்களை எட்டவே இல்லை. இந்தி தெரிந்தவரை அனுப்ப முடியுமா என்று கேட்டதற்கு நிறுவனம் பிடிகொடுத்துப் பதில் சொல்லவில்லை.

இவர்களை அமர்த்த நினைக்கும் சிறிய ஆலைக்காரர்கள், ஒன்றுகூடலையும் கணிப்பையும் கழித்துவிட்டு, பயிற்சியாளர் ஆலைக்குள் இருக்கும் நாட்களுக்கு மட்டும் விலை கேட்கலாம். நாங்கள் அடுத்த மூன்று மாதத்துக்கு அப்படித்தான் கேட்டு, 55,000 ரூபாயில் முடித்திருக்கிறோம். மிக்ஸிங் மில்லுக்கு இந்தி பேசுபவர் வந்த பிறகே முதல் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.