கல்லடி வீட்டுத் தேக்கு வேலிக்கு நிறம் திரும்பியது

எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையிலிருந்து நாலாவது. உப்புக்காற்றும் மாரி மழையும் பட்டுத் தேக்கு வேலி சாம்பல் பூத்து, ஆணிகளைச் சுற்றிக் கறுத்த கோடு வடிந்து கிடந்தது.

திருத்த வந்த ஓடாவியார் (தச்சர்) பிரஷர் வோஷர் வேண்டாம், மரநார் பிய்ந்துவிடும் என்றார். சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்தார். அப்புறம் கையுறை போட்டு ஒட்சாலிக் அமிலக் கரைசலைப் பூசிக் கழுவினார். கறுப்பு கண்முன்னே கரைந்து பொன்பழுப்பு வெளியே வந்தது; அம்மா தடவித் தடவிப் பார்த்தா. மூன்று நாள் காயவிட்டு, 80, 120 நம்பர் மணல்தாள்களால் உரசி, ஆளிவிதை எண்ணெய் பூசினார். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும் என்று தண்ணீரில் ஊறப்போட்டார். அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஒரு குறை: மண்ணோடு சேரும் தூணடிகளில் எண்ணெய் படவில்லை. முதலில் உக்குவது அந்த இடம்தானே! சொன்னேன், மறுநாளே வந்து பூசித் தந்தார்.