4,80,000 போச்சு. தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்கள் பொருளாதார ஆலோசகருக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ரெண்டு நாளாகத் தூக்கம் இல்லை. கோபம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பறிகொடுத்தது 4,80,000. எங்கள் அமைப்பில் ரெண்டு டீச்சர்களுக்கு ஒரு வருஷச் சம்பளம் அது.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகளை மாலையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து, விட்ட பரீட்சையை மறுபடி எழுத வைப்பதுதான் எங்கள் வேலை. இந்த முறை அரசு மானியத்துக்கு விண்ணப்பித்தோம். போடுகிற பணத்துக்குச் சமூகத்துக்கு என்ன திரும்பி வருகிறது என்று பொருளாதார மதிப்பீடு வேண்டும் என்றார்கள். எங்களுக்கு அது தெரியாத வேலை. அரசுத் துறைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் மட்டுமே ஆலோசனை தருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு நிறுவனத்திடம் போனோம். பேர் போட வேண்டாம் என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள், அதனால் போடவில்லை.

முதல் நாள் வந்தவரை நான் மறக்க மாட்டேன். பெரிய ஆலோசகர் என்ற பந்தா துளியும் இல்லை. பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பெண்ணின் கணக்கு நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அப்புறம் என்னிடம், "மேடம், நீங்க செய்யறதோட மதிப்பு உங்களுக்கே தெரியலை. அதை எண்ணுல காட்டறது என் பொறுப்பு" என்றார். ஒரு பொதுத் திட்டத்தின் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும் சரி, மொத்தப் பலன் செலவைத் தாண்ட வேண்டும் என்று 1936இல் அமெரிக்க வெள்ளத் தடுப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள் என்றார். தொண்டு வேலையில் போட்ட ஒன்றுக்கு எத்தனை மடங்கு பலன் என்று விகிதம் போடும் முறை 1990களில் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அறக்கட்டளை தொடங்கியது என்றார். எல்லாம் உண்மை, பிறகு தேடிப் பார்த்தேன். அந்த உண்மைகளைக் கேட்டுத்தான் ஆளையும் நம்பினேன். 14 வருஷமாக எங்கள் வேலையை இப்படி யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

கையெழுத்தானதும் 2,40,000. வரைவு அறிக்கைக்கு 1,44,000. விண்ணப்பத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, மீதி 96,000 வந்தால்தான் 'வரைவு' முத்திரை இல்லாத பிரதி தருவோம் என்றார்கள். வேறு வழி இல்லாமல் கட்டினோம். மொத்தம் 4,80,000.

அறிக்கை 92 பக்கம், வழவழ அட்டை. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 'ஒன்று போட்டால் 7.4 திரும்பி வருகிறது'. டீச்சர்கள் கைதட்டினார்கள். நானும்தான்.

ஆறு வாரத்தில் விண்ணப்பம் திரும்பி வந்தது. பரிசீலித்தவர் முதலில் கேட்டது 41ஆம் பக்கத்தைப் பற்றி: 'இங்கே வரும் மீனவக் குடும்பங்கள் யார்?' எனக்குக் கை காலெல்லாம் சில்லிட்டுப் போனது. எங்கள் திட்டத்துக்கும் மீனவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேறு யாருக்கோ எழுதியதில் எங்கள் பேரை ஒட்டியிருக்கிறார்கள். திட்டங்களை மதிப்பிட ஓஇசிடி (வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) வகுத்த அளவுகோல்கள் 2019இலேயே ஆறாகிவிட்டன. இவர்கள் அறிக்கையில் பழைய ஐந்துதான் இருந்தது. எத்தனை வருஷத்துப் பழைய சரக்கு என்று பாருங்கள்.

சரி, 7.4 எப்படி வந்தது? கேட்டுக் கேட்டு எக்செல் ஃபைலை வாங்கினேன். எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் மேலே ஃபார்முலா இல்லை, வெறும் எண் மட்டும். கணக்கை அழித்துவிட்டு விடையை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் கணக்கு டீச்சரோடு மூன்று ராத்திரி உட்கார்ந்து பிரித்தேன். சேர்ந்த 212 பேரும் பாஸாகி, 30 வருஷம் கூடுதலாகச் சம்பாதிப்பார்கள் என்று அப்படியே கூட்டியிருக்கிறார்கள். பின்னால் வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு; 30 வருஷம் கழித்து வரும் 100, ஆண்டுக்கு 3.5 சதவீதம் கழித்தால் இன்றைக்கு ஏறக்குறைய 36தான். பிரிட்டன் நிதி அமைச்சகம் அரசுத் திட்டங்களுக்கு 2003இல் வகுத்த விகிதம் அது. அதைக் கழித்ததும் 7.4 என்பது 4.5 ஆனது. உண்மையில் பாஸானவர்கள் 131 பேர். 2.8 ஆனது. நாங்கள் இல்லாவிட்டாலும் பத்தில் மூன்று பேர் எப்படியும் பாஸாகியிருப்பார்கள் என்று வைத்தால், 2க்குக் கொஞ்சம் கீழே.

ஒன்றுக்கு ரெண்டு! அது போதுமே! அதை நேர்மையாகக் காட்டியிருந்தால் மானியம் கிடைத்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மானியமும் போய், பரிசீலித்தவர் முன்னால் நாங்கள் பொய்க்கணக்குக் காட்டியவர்களாக நிற்கிறோம். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 131 பிள்ளைகள் ராத்திரி படித்து வாங்கிய பாஸ் அது.

அதற்கப்புறம் அவர்கள் அலைக்கழித்ததைச் சொல்கிறேன். முதல் போனுக்கு, "டீம் பார்த்துட்டு இருக்காங்க மேடம்." ரெண்டாவதுக்கு, "சீனியர் எகனாமிஸ்ட் லீவுல இருக்கார்." பெஞ்சில் உட்கார்ந்த அந்த சார் என் நம்பரை எடுப்பதே இல்லை. வேறு நம்பரில் கூப்பிட்டபோது எடுத்தவர், என் குரல் கேட்டதும் "கவர்ன்மென்ட் மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டார். மெயில் போட்டால், 'தாங்கள் தந்த தரவு முழுமையாக இல்லை.' பாஸானவர் பட்டியலை அவர்களுக்கு அனுப்பிய மெயில் என்னிடம் தேதியோடு இருக்கிறது. அதைக் காட்டினேன். 'அறிக்கையை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுள்ளீர்கள்' என்று பதில். கடைசியாக வந்ததுதான் உச்சம்: திருத்தம் வேண்டுமென்றால் தனியாக 1,20,000 கட்டணமாம். 4,80,000 வாங்கியவர்கள் கேட்கிறார்கள்!

ஒப்பந்தம் போடும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன். இப்போது அதற்குத் தெம்பில்லை, தோன்றியதைச் சொல்கிறேன். ஃபார்முலாவோடு எக்செல் ஃபைல் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நீங்கள் இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடியதைக் கழித்தார்களா, வருங்காலப் பணத்தை எந்த விகிதத்தில் கழித்தார்கள் என்று முதல் வரைவிலேயே கேளுங்கள். கடைசித் தவணையை, மானியம் தருபவர் படித்துக் கேள்வி கேட்டு முடிக்கும் வரை கட்டாதீர்கள். வரைவை ஒரு வரி விடாமல் படியுங்கள், நான் 41ஆம் பக்கத்தைப் படிக்கவில்லை.

நாளைக் காலை கமிட்டிக் கூட்டம். கணக்குப் புத்தகத்தில் இந்த 4,80,000ஐ எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. ரெண்டு டீச்சர்களில் யாரிடம் முதலில் பேசுவது என்றும் தெரியவில்லை.