எமிசிசுமாப் ஊசி: இரண்டரை வருடம் போட்ட பிறகு எழுதுகிறேன்

என் மகனுக்கு ஹீமோபிலியா ஏ, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய், சிவியர் வகை. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் ஒன்றான ஃபேக்டர் எட்டு, சாதாரண அளவில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. என் தாய்மாமாவுக்கும் இதேதான். அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஃபேக்டர் எல்லாம் ஏது, பிளாஸ்மா கிடைத்தால் ஏற்றுவார்கள், கிடைக்காவிட்டால் ஐஸ் வைத்துப் படுக்கப் போடுவார்கள். அவருடைய வலது முட்டி கடைசிவரை நிமிரவே இல்லை.

முதலில் நாங்களும் ஃபேக்டர்தான் போட்டோம், வாரத்துக்கு இரண்டு தடவை. மருந்துப் பொடியில் தண்ணீர் விட்டதும் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். உள்ளங்கையில் வைத்து மெல்ல உருட்ட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, நரம்பு தேடுவதுதான் கொடுமை. முழங்கையில் குத்தி, கிடைக்காமல் புறங்கையில் குத்தி, அங்கேயும் கிடைக்காமல் நர்ஸ் அக்கா வேறு கையைக் கேட்கும்போது பிள்ளை என் முகத்தைப் பார்ப்பான். இத்தனைக்கும் அந்த ஃபேக்டரில் பாதி 12 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும்.

எமிசிசுமாப் வேறு ரகம். ஃபேக்டர் எட்டு இல்லாத இடத்தில், ஒன்பதையும் பத்தையும் இரண்டு கையால் பிடித்துச் சேர்த்து வைக்கிற ஆன்டிபாடி. ஃபேக்டரையே எதிர்க்கும் இன்ஹிபிட்டர் வந்தவர்களுக்காகத்தான் 2017இல் அமெரிக்காவில் முதலில் அனுமதித்தார்கள், மற்றவர்களுக்கு அடுத்த வருடம். நரம்பே வேண்டாம், வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கு அடியில் போட்டால் போதும். முதல் நாலு வாரம் வாரா வாரம், அப்புறம் எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று. போட்ட இடம் கொஞ்சம் சிவக்கும், மறுநாள் சரியாகிவிடும். முன்பு மாதத்துக்கு ஒரு பிளீடாவது (ரத்தக் கசிவு) வரும். இந்த இரண்டரை வருடத்தில் மொத்தமே இரண்டு.

அந்த இரண்டில் ஒன்று சைக்கிளில் விழுந்தது. வீக்கம் தெரிவதற்கு முன்னாலேயே "முட்டிக்குள்ள சூடா இருக்கும்மா" என்றான். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள்: எமிசிசுமாப் பிளீட் வராமல் காக்கும், வந்துவிட்டதை நிறுத்தாது. அன்றைக்கு ஃபேக்டர்தான் ஏற்றினோம். புது ஊசி வந்துவிட்டது என்று ஃபேக்டர் வாங்கும் கார்டைத் தொலைத்துவிடாதீர்கள். வலிக்கு பாராசிட்டமால் மட்டும்தான், ஐப்யூபுரூஃபன் பக்கமே போகக் கூடாது என்பதும் மாறவில்லை.

இன்னொரு வம்பு, ரத்தப் பரிசோதனை. பல் பிடுங்குவதற்காக ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம், பெயர் வேண்டாம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஏபிடிடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, "நார்மலாத்தானே இருக்கு, ஹீமோபிலியான்னு யார் சொன்னது" என்று பல்லைப் பிடுங்கவே கிளம்பிவிட்டார் அந்த டாக்டர். இந்த மருந்து உடம்பில் இருந்தால் அந்த டெஸ்ட் நார்மல் என்றுதான் காட்டும், அதை நம்பவே கூடாது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பிறகு எங்கள் ஹீமோபிலியா சென்டரிலேயே முதலில் ஃபேக்டர் போட்டு, உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் மாத்திரையும் கொடுத்துப் பிடுங்கினார்கள். அன்றிலிருந்து மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிப் பள்ளிக்கூடப் பையில் வைத்திருக்கிறேன்.

விலையைப் பற்றி என்ன சொல்ல, எங்களுக்கு அரசு மருத்துவமனை வழியாக வருகிறது, இல்லாவிட்டால் நினைத்துப் பார்க்கவே முடியாது. ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். வெளியே மொத்தம் ஏழு நாள் வைக்கலாம், ஆனால் 30 டிகிரி தாண்டக் கூடாதாம். அக்னி நட்சத்திரத்தில் நம் வீட்டுக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? ஊருக்குப் போனால் ஐஸ் பெட்டியோடுதான்.

என் பையனின் புகார் வேறு. ஆரம்பத்தில் 20 கிலோ இருந்தான், கிலோவுக்கு 3 மில்லிகிராம், 60 மில்லிகிராம் பாட்டில் ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது, 0.4 மில்லிதான், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இப்போது 28 கிலோ. கூடவே ஒரு 30 பாட்டில் வேண்டும், அது வேறு அடர்த்தி என்பதால் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது, அதனால் இரண்டு குத்து. அடுத்த அளவு 105 என்று எப்படியோ தெரிந்துகொண்டு, 35 கிலோ ஆனால் மறுபடியும் ஒரே குத்துதான் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். இந்த வாரம் முழுக்க நாலாவது தோசை கேட்கிறான்.