பிளாஸ்ட், ஹேமர், ஜால்வியூ: பதினான்கு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

புரத வரிசைகளை, அதாவது ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் ஓர் எழுத்தாகக் குறித்த தொடர்களை, பகுத்தாயும் கணினிக் கருவிகளை நான் பதினான்கு ஆண்டுகளாக, ஏறத்தாழ நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். பூச்சிகளின் மரபணுக்களை ஆராயும் ஒரு சிறிய குழுவில், புதிதாகக் கிடைக்கும் வரிசை ஒவ்வொன்றும் எந்தப் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது, என்ன வேலை செய்யக்கூடும் என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. இவற்றுள் முதல் கேள்விக்கு இன்றைய கருவிகள் மிக நல்ல விடை தருகின்றன. இரண்டாவதற்கு விடை தருவதுபோல் தோன்றுகின்றனவே தவிர, தருவதில்லை.

தொடக்கம் எப்போதும் பிளாஸ்ட்தான்; புதிய வரிசையை ஒத்தவற்றைத் தரவுத்தளத்தில் தேடித் தரும் கருவி அது. 1981-இல் ஸ்மித், வாட்டர்மேன் இருவரும் வகுத்த முறை இரண்டு வரிசைகளுக்கிடையே மிகச் சிறந்த பொருத்தத்தைத் தவறாமல் காணும். ஆனால் பெரிய தரவுத்தளம் முழுவதையும் அப்படி ஒப்பிட மிகுந்த நேரம் பிடிக்கும். 1990-இல் வெளிவந்த பிளாஸ்ட், குறுகிய துண்டுகள் ஒத்துப்போகும் இடங்களை முதலில் தேடி, அங்கிருந்து மட்டும் பொருத்தத்தை இருபுறமும் நீட்டிப் பார்ப்பதால் விரைவாக முடிக்கிறது. அது தரும் எண்களில் பலரும் தவறாகப் படிப்பது இ-மதிப்பை. இத்தனை மதிப்பெண்ணோ அதற்கு மேலோ பெறும் பொருத்தங்கள், இவ்வளவு பெரிய தரவுத்தளத்தில் தற்செயலாகவே எத்தனை கிடைக்கும் என்பதையே அது சொல்கிறது. ஆகவே தரவுத்தளம் இரு மடங்கானால் அதுவும் இரு மடங்காகும். கட்டளை வரியில் நாம் மாற்றாவிட்டால் அதன் வரம்பு 10 என்று இருக்கும். பட்டியலின் கடைசி வரிகளை நம்பிக் கட்டுரை எழுதத் தொடங்கிய மாணவர்களை நான் தடுத்திருக்கிறேன்.

ஆனால் என்னைத் தடுக்க அன்று எவரும் இல்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு பூச்சி வரிசைக்குக் கிடைத்த முதல் பொருத்தத்தின் இ-மதிப்பு, தசமப் புள்ளிக்குப் பின் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுழியங்களைக் கொண்டிருந்தது. அதைக் கண்டதும் ‘செரின் புரோட்டியேஸ்’ (செரின் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு பிற புரதங்களை வெட்டும் நொதி) என்று பெயரிட்டுக் கொடுத்துவிட்டேன். நண்பர் ஒருவர் அந்தப் புரதத்தைத் தயாரித்து, அது பிற புரதங்களை வெட்டுகிறதா என்று நான்கு மாதங்கள் சோதித்தார், எதுவும் வெட்டப்படவில்லை. பிறகுதான் வரிசைகளை அடுக்கி வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். வெட்டும் வேலை நடக்கும் செயல் மையத்தில் செரின் இருக்க வேண்டிய இடத்தில் கிளைசின் என்ற வேறோர் அமினோ அமிலம் இருந்தது. பூச்சிகளில் இப்படி வெட்டும் திறன் இழந்த உறவினர்கள் ஏராளம் என்பதை அப்போதுதான் படித்தறிந்தேன். அவருடைய நான்கு மாத உழைப்பை இன்றும் நான் மறக்கவில்லை.

இதை மாணவர்களுக்கு விளக்க நான் எடுத்துக்கொள்வது கோழிமுட்டை வெண்கருவிலுள்ள லைசோசைமையும் பாலிலுள்ள ஆல்பா-லாக்டால்புமினையும். இரண்டுக்கும் ஏறத்தாழ 40 விழுக்காடு ஒற்றுமை உண்டு, சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வரும் எட்டு இடங்களும் நேருக்கு நேர் பொருந்தும், மடிப்பும் (முப்பரிமாண வடிவமும்) ஒன்றே. எனினும் லைசோசைம் பாக்டீரியாவின் செல்சுவரை வெட்டும், லாக்டால்புமினோ பால் சர்க்கரை உருவாகத் துணை நிற்கும். லைசோசைமின் வெட்டும் வேலைக்கு இன்றியமையாத, 35-ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலம் லாக்டால்புமினில் இல்லை. பிளாஸ்டின் மொத்த மதிப்பெண்ணில் இந்த ஓர் எழுத்து கரைந்துபோய்விடும்.

தொலைதூர உறவுகளுக்கு ஹேமர்தான் எனக்கு மிகவும் கைகொடுத்திருக்கிறது. அது ஒரு வரிசையை மற்றொன்றோடு ஒப்பிடாமல், குடும்பம் முழுவதையும் அடுக்கி, எந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் மாறாமல் நிற்கிறது, எங்கே எதுவும் வரலாம் என்பதை நிகழ்தகவு மாதிரியாக்கி, அந்த மாதிரியைக் கொண்டு தேடுகிறது. தசையிலுள்ள மயோகுளோபினும் பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சிலுள்ள லெக்ஹீமோகுளோபினும் மிகக் குறைந்த ஒற்றுமையே கொண்டவை. ஆயினும் ஹீம் என்ற இரும்புள்ள பகுதியைப் பற்றியிருக்கும் ஹிஸ்டிடின் இரண்டிலும் உண்டு; குளோபின் குடும்ப மாதிரி இரண்டையும் தயக்கமின்றிச் சேர்த்துக்கொள்ளும். புரதக் குடும்ப மாதிரிகளின் தொகுப்பான பிஃபாமில் உள்ள மாதிரிகளோடு தேடும்போது பொதுவான இ-மதிப்பு வரம்பை விட்டுவிட்டு, அந்தந்தக் குடும்பத்துக்கெனத் தொகுப்பாளர்களே வகுத்த வரம்பைப் பயன்படுத்துவது நல்லது. எனக்குப் பொய்யான பொருத்தங்கள் அதனால் வெகுவாகக் குறைந்தன.

வரிசைகளை அடுக்குவதற்கு மேஃப்ட், அந்த அடுக்கைப் பார்ப்பதற்கு ஜால்வியூ. இவற்றில் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை.

தரவுத்தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது உண்டு. யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் வல்லுநர்கள் படித்துச் சரிபார்த்த சுவிஸ்-ப்ராட் பகுதியில் ஏறத்தாழ 5.7 லட்சம் பதிவுகளே உள்ளன. கணினி தானாகக் குறிப்பெழுதிய பதிவுகள் அதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஒருவர் தவறாக இட்ட பெயர் அடுத்தவரின் பிளாஸ்ட் பட்டியலில் முதலிடத்தில் வந்து, அவர் கையாலும் பரவுகிறது. ஆகவே பெயரைப் பார்க்கும் முன், அதற்குச் சோதனைச் சான்று உண்டா என்று அந்தப் பதிவைத் திறந்து பார்க்கிறேன்.

2021-இல், வரிசையிலிருந்து கணினி கணித்த புரத வடிவங்களைத் தரும் ஆல்பாஃபோல்டு தரவுத்தளம் வந்தபோது என் வேலை மிகவும் எளிதாகிவிடும் என்று எண்ணினேன். ஓரளவு ஆனது, வரிசையில் தெரியாத உறவுகளை வடிவம் காட்டிக்கொடுத்தது. ஆனால் அதுவும் ஒத்த வரிசைகளின் அடுக்கை உள்ளீடாகக் கொண்டதுதான். உறவினர் குறைந்த புரதங்களில் அதன் நம்பக மதிப்பெண் பெரும்பாலும் தாழ்ந்துவிடுகிறது. அந்த மதிப்பெண் நூற்றுக்கு 50-க்குக் கீழ் வரும் பகுதிகளின் வடிவத்தை நான் பொருட்படுத்துவதில்லை. செரினை இழந்த அந்தப் பூச்சிப் புரதத்துக்கும் அது புரோட்டியேஸின் மடிப்பையே உயர்ந்த மதிப்பெண்ணோடு தருகிறது.

அந்தப் புரதத்தை எங்கள் பட்டியலில் இப்போது ‘செரின் புரோட்டியேஸை ஒத்தது, செயல் மைய செரின் இல்லை’ என்று எழுதி, எந்த மாதிரியைக் கொண்டு, கருவியின் எந்தப் பதிப்பில், எந்த நாளில் பார்த்தேன் என்பதையும் அருகில் குறித்திருக்கிறேன். அது உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதை அதே நண்பர் இப்போது ஆராய்ந்து வருகிறார்.