4,800 ரூபாய் போச்சு: பழைய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் கவனிக்க

நேற்றுதான் கடைசியாகக் கடைக்குப் போய் வந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

கொழிஞ்சாம்பாறையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். என்னிடம் இருப்பது இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசஸர் உள்ள கம்ப்யூட்டர், 2012 மாடல். இரண்டு மணி நேர வீடியோ ரெண்டர் ஆக, அதாவது எடிட் செய்தது முழு வீடியோ ஃபைலாக வெளியே வர, ராத்திரி முழுக்க ஓடும். கிராபிக்ஸ் கார்டு போட்டால் சீக்கிரம் முடியும் என்றார்கள். பாலக்காட்டில் பழைய பாகங்கள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன்.

என் மலையாளத்தைக் கேட்டதுமே கடைக்காரர், "தமிழ்லயே பேசுங்கண்ணா, நானும் சித்தூர்ப் பக்கம்தான்" என்றார். அங்கேயே விழுந்துவிட்டேன். டீ வேறு வரவழைத்தார். என்விடியா கம்பெனியின் ஜிடி 1030 கார்டை எடுத்து வைத்தார். "இதுல என்வென்க் இருக்கா?" என்று தெளிவாகத்தான் கேட்டேன். வீடியோவைச் சுருக்கி ஃபைலாக்க (என்கோட் செய்ய) என்விடியா கார்டுக்குள் தனியாக இருக்கும் பகுதிதான் என்வென்க். "என்விடியான்னாலே இருக்கும்ணா." கார்டு 4,500, மாட்டிக் கொடுக்க 300. டீ குடித்த இடத்தில் பில் கேட்கக் கூச்சமாக இருந்தது.

வீட்டில் பார்த்தால் ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருள், எடிட்டிங் மென்பொருள் எதிலும் அந்த ஆப்ஷனே இல்லை. போன் செய்தால் "டிரைவர் போடுங்க". போட்டேன். மறுநாள் "விண்டோஸ் மாத்துங்க". மாற்றினேன். அப்புறம் "உங்க மதர்போர்டு பழசு". நேரில் போனால் ஆளுக்குத் தமிழே மறந்துவிட்டது. "ரிட்டர்ன் எடுக்கில்ல சேட்டா." வேண்டுமானால் 1,500-க்கு எடுத்துக்கொள்வாராம்! 4,800 ரூபாய், ஒரே வாரத்தில்.

ஜிடி 1030-இல் என்வென்க் கிடையவே கிடையாது. வீடியோவை ஓட்டிக் காட்டும், என்கோட் செய்யாது.

வயிறு எரிவது அதற்குக்கூட இல்லை. மச்சான் மகன் வந்து கார்டைக் கழற்றி, மானிட்டர் கேபிளை போர்டிலேயே செருகி, இன்டெல் டிரைவர் போட்டான். குயிக் சிங்க் வந்துவிட்டது! என்வென்க் செய்யும் அதே வேலைக்கு இன்டெல் வைத்திருக்கும் பகுதி அது. பிராசஸருக்குள்ளேயே இத்தனை வருஷம் சும்மா கிடந்திருக்கிறது. தனிக் கார்டு மாட்டினால் பல போர்டுகளில் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் அணைந்துவிடுமாம், பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் செட்டிங்ஸில்) போய்த் திறக்க வேண்டுமாம். ஆக, 4,800 கொடுத்து இருந்ததையும் அடைத்திருக்கிறேன்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இன்டெல் என்றால் முதலில் குயிக் சிங்க் இருக்கிறதா பாருங்கள். 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்தே பெரும்பாலானவற்றில் உண்டு. மாடல் எண் பழையதில் பி என்றோ புதியதில் எஃப் என்றோ முடிந்தால் கிடையாது. என்னுடையது போன்ற பழசில் எச்.264 என்ற வீடியோ ஃபார்மட் வரும், அதற்கு அடுத்து வந்த எச்.265 வராது. கார்டு வாங்கினால் மாடல் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். பில் வாங்குங்கள். வேலந்தாவளம் பார்ட்டி வீடியோ கேட்டு மூன்றாவது தடவை கூப்பிடுகிறார்கள், போகிறேன்.